தினசரி டீல் தளங்கள்: பல வருடம் கூப்பன் வாங்கிய பிறகு

உள்ளூர்க் கடைகளின் சேவைகளுக்குப் பெரிய தள்ளுபடியில் கூப்பன் விற்கும் இணையதளங்கள்தான் தினசரி டீல் தளங்கள். அவற்றில் பல வருடங்களாகக் கூப்பன் வாங்கி வருகிறேன். பணம் மிச்சமாகிறதா என்று கேட்டால், ஆகிறது, எதை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து. கடைக்காரருக்கு லாபமா என்றால் தயக்கமாக இருக்கிறது. கணக்கு அப்படி.

100 மதிப்புள்ள சேவை 50க்கு வருகிறது. அந்த 50இல் ஏறக்குறைய பாதியைத் தளம் எடுத்துக்கொள்ளும். 2008இல் அமெரிக்காவின் சிகாகோவில் தொடங்கிய குரூப்பான் என்ற டீல் தளம் பரப்பிய வழக்கம் இது. கடைக்காரர் கைக்கு வருவது 25தான். யோகா வகுப்பு நடத்துபவருக்கு அதுவே வந்தவரை லாபம். பத்துப் பேர் இருக்கும் வகுப்பில் பதினோராவதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் செலவு ஒன்றும் ஏறாது. உணவகத்தில் அது நடக்காது. தட்டில் வைக்கும் சாப்பாட்டுக்கே 30 ஆகிறதென்றால், கூப்பனுக்கு 5 வீதம் கைக்காசு போகும். கூட்டம் வர வர நஷ்டம்!

2011இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஒரு பேக்கரிக்கு இதுதான் நடந்தது. ஒரு டஜன் கப்கேக்குக்கு 75 சதவீதத் தள்ளுபடி. எத்தனை பேருக்கு என்று வரம்பு வைக்கவில்லை. 8,500 பேர் வாங்கிவிட்டார்கள். 1,02,000 கேக் சுட வேண்டியிருந்தது. தற்காலிக ஆட்களைப் போட்டுச் சுட்டதில் 12,500 பவுண்டு நஷ்டம்.

வாங்குகிற நமக்கு இதில் என்ன வந்தது? நிறைய. நஷ்டத்தில் விற்பவர் நம்மை எப்படி வரவேற்பார்? ஒரு சலூனுக்கு போன் செய்தபோது சனிக்கிழமை இடம் இருக்கிறது என்றார்கள். கூப்பன் இருக்கிறது என்றேன். "அப்படியா... செவ்வாய் மதியம் வர முடியுமா?" சரி, செவ்வாய் மதியம் அவர்களுக்குக் காலி நேரம், அதை நிரப்பத்தானே டீல் போடுகிறார்கள், அதில் தப்பில்லை. அதை நான் வாங்கும் முன்பே டீல் பக்கத்திலேயே போட்டிருக்கலாம் என்பதுதான் என் எரிச்சல்.

ஆனால் எல்லாக் கடையும் ஏமாளி இல்லை. 2010இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 150 கடைகளை விசாரித்ததில் 66 சதவீதம் பேர் டீலில் லாபம் என்றார்கள், 32 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். அப்புறம் பயன்படுத்தாமலே காலாவதியாகும் கூப்பன்கள் வேறு. அந்தப் பணம் யாருக்கு என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் வாங்கியவருக்கு இல்லை. 'இன்றே கடைசி' என்று ஓடும் கடிகாரத்தைப் பார்த்து அவசரப்படுபவர்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டுகிறார்கள்.

இப்போது நான் வாங்குவது மசாஜ், உடற்பயிற்சிக் கூடம், படகுச் சவாரி, பயிற்சி வகுப்பு மாதிரியானவை. இருக்கை காலியாகக் கிடந்தால் கடைக்காரருக்குத்தான் வீண், அதனால் முகம் சுளிக்காமல் கவனிக்கிறார்கள். உணவகக் கூப்பன் வாங்குவதில்லை. பொருட்களுக்கான டீல் என்றால் 'அசல் விலை' என்று அடித்துக் காட்டும் எண்ணை நம்பாமல் வேறு இரண்டு இடத்தில் விலை பார்த்துவிடுகிறேன். பாதித் தள்ளுபடி பல தடவை பத்து சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. பணம் கட்டும் முன் கடைக்கே ஒரு போன் போட்டு, எந்த நாளில் கூப்பன் செல்லும் என்று கேட்டுவிடுவது நல்லது. போனை எடுக்கவே இல்லையென்றால் அந்த டீலை விட்டுவிடுகிறேன்.