ரோமில் நாங்கள் பறிகொடுத்த 516 யூரோ: கொலோசியம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ரோமிலிருந்து ம்யூனிக் திரும்பி ஒன்றரை நாள்தான் ஆகிறது. கோபம் தணிந்த பிறகு எழுதலாமே என்றார் என் கணவர். தணிந்துவிட்டால் எழுதவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும் என்பதால் இப்போதே எழுதுகிறேன். நான்கு பேருக்கு 516 யூரோ கட்டினோம். கொலோசியத்தின் உள்ளே ஓர் அடிகூட வைக்காமல் திரும்பி வந்திருக்கிறோம்.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். விசா கைக்கு வந்த நாளிலிருந்தே அவர் கேட்டது இரண்டே இரண்டுதான்: ஒன்று கொலோசியம், மற்றொன்று அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் டைட்டஸ் வளைவு. கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தைச் சூறையாடிய ரோமானியப் படையினர் அங்கிருந்த ஏழு கிளை விளக்குத்தண்டைத் தோளில் சுமந்து வரும் காட்சி அந்த வளைவின் உட்சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. பேரரசர் வெஸ்பாசியன் கட்டத் தொடங்கி, அவர் மகன் டைட்டஸ் 80ஆம் ஆண்டில் திறந்து வைத்த கொலோசியம் அந்தப் போரின் கொள்ளைப் பொருளில்தான் எழுந்தது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர், கொள்ளையையும் கட்டடத்தையும் ஒரே நாளில் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

தவறு என்னிடமிருந்துதான் தொடங்கியது. கொலோசியத்தின் சாதாரணச் சீட்டுகள் 30 நாள் முன்னதாக அதிகாரபூர்வத் தளத்தில் விற்பனைக்கு வரும். நான் தளத்தைத் திறந்தது ஒன்பது நாள் இருக்கும்போது. எங்களுக்கு வேண்டிய நாளில் எதுவும் மிச்சமில்லை. அடுத்து ஒரு சுற்றுலா முன்பதிவுச் செயலியைத் திறந்தால், அதே நாளில் காலை முதல் மாலை வரை எல்லா நேரத்துக்கும் இடம் இருந்தது. கொலோசியம், ரோமன் ஃபோரம் (பண்டைய ரோமின் நகர மையம், இன்று இடிபாடுகள்), அதை ஒட்டிய பாலட்டைன் குன்று, பாந்தியன் (பழைய ரோமானியக் கோயில்), புனித பேதுரு பேராலயம் என எல்லாவற்றுக்கும் 'வரிசையில் நிற்காத நுழைவு', ஆளுக்கு 129 யூரோ. அரசுத் தளத்திலேயே தீர்ந்துபோன சீட்டு இவர்களிடம் மட்டும் எப்படி இவ்வளவு கிடக்கிறது என்று என் கணவர் கேட்டார். நான் எரிச்சலோடு, எல்லாவற்றிலும் சந்தேகப்பட்டால் எங்கேயும் போக முடியாது என்றேன். கொலோசியச் சீட்டுகளைத் தானியங்கி மென்பொருள் கொண்டு மொத்தமாக வாங்கிக் குவித்த விவகாரத்தில் இத்தாலியின் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் 2025 ஏப்ரலில் ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் விதித்திருந்தது என்பதை, பணம் போன பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனாலும் உடனே பணம் கட்டிவிடவில்லை. செயலியின் உரையாடல் பெட்டியில், அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, படியேற முடியாது, நெடுநேரம் நிற்கவும் முடியாது என்று எழுதினேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. உங்கள் தந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம், மின்தூக்கி வழியாக அழைத்துச் செல்கிறோம், எங்கள் வழிகாட்டி வாசலிலிருந்தே கூட இருப்பார் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு அடுத்த வரியில், கொலோசியச் சீட்டில் இப்போது பார்வையாளரின் பெயர் இருக்க வேண்டும் என்பதால் நால்வரின் கடவுச்சீட்டுப் பக்கத்தையும் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். பெயர் பதிந்த சீட்டு என்ற விதி 2023 அக்டோபரிலிருந்து உண்மையிலேயே நடைமுறையில் இருக்கிறது. விதியெல்லாம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவர்கள் ஏமாற்றுக்காரர்களாக இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன் பாருங்கள், அந்த நொடியில்தான் விழுந்தேன். கடவுச்சீட்டுப் படங்களையும் அனுப்பி, 516 யூரோவையும் கட்டினேன்.

சந்திக்கும் இடம் கொலோசியம் மெட்ரோ நிலையத்தின் வாசல், நேரம் பத்தரை மணி, அடையாளம் மஞ்சள் குடை. பத்து மணிக்கே போய் நின்றோம். பதினொன்றே கால் வரை எந்த மஞ்சள் குடையும் வரவில்லை. கொடுத்திருந்த எண்ணை ஏழாவது முறை அழைத்தபோது எடுத்த ஒருவர், குழு உள்ளே போய்விட்டது, நீங்கள்தான் தாமதம், சீட்டை அனுப்புகிறேன், நீங்களே போய்க்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த நிமிடம் கைப்பேசிக்கு வந்த நான்கு சீட்டுகளிலும் எங்களுக்கு முன்பின் தெரியாத நான்கு பேரின் பெயர்கள் இருந்தன. நுழைவாயிலில் இருந்த பெண், சீட்டையும் கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் மறுத்தார். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அன்றைக்கான சீட்டுகள் தீர்ந்துவிட்டதாகச் சீட்டு அறையிலும் சொல்லிவிட்டார்கள். டைட்டஸ் வளைவு ஃபோரத்தின் கட்டண எல்லைக்கு உள்ளே இருப்பதால் அதுவும் கைநழுவிப் போனது.

அப்பா ஒன்றும் சொல்லாமல் வெளிச்சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தார். திடீரென்று ஒரு வளைவுக்கு மேலே கையைக் காட்டினார். அங்கே ரோமன் எண் ஒன்று மங்கலாகப் பொறிக்கப்பட்டிருந்தது. தரைத்தளத்தில் மொத்தம் 80 வளைவுகள். அவற்றில் 23 முதல் 54 வரையிலான எண்கள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. பார்வையாளன் தன் கையிலிருக்கும் வில்லையில் உள்ள எண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ள வளைவு வழியாக நுழைந்து, தன் இருக்கைக்குப் போய்விடுவான். ஏறத்தாழ 50,000 பேரை அப்படித்தான் உள்ளே அனுப்பியிருக்கிறார்கள் என்றார். "அதுவும் காசு வாங்காமல்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "விடும்மா, வெளியிலிருந்தே பார்த்துவிட்டேன்" என்றார்.

மறுநாள் புனித பேதுரு பேராலயத்துக்கு மட்டும் உண்மையிலேயே ஒருவர் வந்தார். பேராலயத்தின் முன்னால் சிற்பி பெர்னினி அமைத்த தூண்மண்டபத்தைச் சுற்றி வளைந்து நின்ற பாதுகாப்புச் சோதனை வரிசையின் கடைசிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போய்விட்டார். பேராலயத்துக்குள் நுழைய யாருக்குமே கட்டணம் கிடையாது என்பது அந்த வரிசையில் முன்னால் நின்ற ஒரு போலந்துப் பாட்டியிடமிருந்துதான் எனக்குத் தெரிந்தது. அப்பா ஒரு மணி இருபது நிமிடம் நின்றார்.

பாந்தியனுக்கு அவர்கள் அனுப்பியது ஒரு குரல்வழிகாட்டி இணைப்பு மட்டும். நுழைவுச் சீட்டே இல்லை. ஆளுக்கு 5 யூரோ என்று 20 யூரோ கொடுத்து நாங்களே வாங்கினோம். அந்த 20 யூரோவுக்கு மட்டும் நான் வருத்தப்படவே மாட்டேன். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் கட்டி முடித்த அந்தக் குவிமாடத்தின் விட்டம் 43 மீட்டருக்குச் சற்று மேல், தரையிலிருந்து உச்சி வரை உள்ள உயரமும் அதே அளவு. உச்சியில் கூரையே இல்லாத வட்டத் திறப்பு. நாங்கள் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. வட்டத்தின் வழியே நேராக இறங்கிய மழை நடுத்தரையில் விழுந்து, பளிங்கில் இருந்த சிறு துளைகளுக்குள் வடிந்துகொண்டிருந்ததை அம்மா நம் ஊர் முற்றத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றார்.

புகார் கதைக்கு வருகிறேன். இரண்டு நிமிடத்தில் பதில் சொன்ன அதே பெட்டி இப்போது பதினான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டது. முதல் பதில், உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது என்பது. இரண்டாவது, சேவை அளித்தவர் உள்ளூர் முகவர், நாங்கள் இடைத்தளம் மட்டுமே என்பது. பத்து மணிக்கு மெட்ரோ வாசலில் எடுத்த படத்தை நேரத்தோடு அனுப்பினேன். நீங்கள் தாமதமாக வந்ததாக முகவர் தெரிவித்துள்ளார், எனவே பணம் திருப்பித் தர இயலாது என்று பதில் வந்தது. சீட்டில் வேறு பெயர் இருந்ததே என்று கேட்டதற்கு, அடுத்த முன்பதிவில் 15 சதவீதத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். கடவுச்சீட்டுப் படங்களை அழித்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு இதுவரை பதிலே இல்லை. உரையாடல் முடிக்கப்பட்டது என்ற வரிக்குக் கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்து நான் எழுதிய மதிப்புரையைச் செயலியில் காணவில்லை.

கணக்கைப் பாருங்கள். நேராக வாங்கியிருந்தால் கொலோசியம், ஃபோரம், பாலட்டைன் மூன்றுக்கும் சேர்ந்த சீட்டு ஆளுக்கு 18 யூரோ, பாந்தியன் 5 யூரோ, பேராலயம் இலவசம். நால்வருக்கும் மொத்தம் 92 யூரோ. நாங்கள் கொடுத்தது 516. கடன் அட்டை வழியாகக் கட்டியதால் பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி வங்கியில் மறுப்பு மனு கொடுத்திருக்கிறேன். இன்னும் ஆவணங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ரோமுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போகும் நாளுக்குச் சரியாக 30 நாள் முன்பு கொலோசியத்தின் அதிகாரபூர்வத் தளத்திலேயே வாங்குங்கள். சீட்டில் கடவுச்சீட்டில் உள்ள அதே பெயர் இல்லையென்றால் புறப்படும் முன்பே சண்டை போடுங்கள். கடவுச்சீட்டுப் படத்தை உரையாடல் பெட்டியில் அனுப்பாதீர்கள். பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணம் என்று யாராவது கேட்டால் நகர்ந்துவிடுங்கள். உரையாடல் முழுவதையும் படமெடுத்து வையுங்கள். அவர்கள் மூடிய பிறகு எனக்கு அது திறக்கவில்லை. நாளை மறுநாள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சென்னைக்கு விமானம், இன்னும் பெட்டிகூடக் கட்டவில்லை.