ஐ-அகாவுன் செயலியும் இபிஎஃப் புகார் சேவையும்: பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

பே சிலிப்பில் (சம்பளச் சீட்டில்) "இபிஎஃப் 330 வெள்ளி" என்று இருந்தால், சம்பளத்தில் பணத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று மட்டுமே அர்த்தம். கட்டினார்களா என்பதை மலேசியாவின் ஊழியர் சேமநிதி வாரியமான இபிஎஃப்-இன் ஐ-அகாவுன் செயலிதான் சொல்லும். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகங்களிலும் செந்தூல் பட்டறைகளிலும் வேலை செய்யும் நம்மவர்கள் பலர் பணம் எடுக்கும்போது மட்டும் இதைத் திறக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

சந்தா (மாதாமாதம் சேமநிதிக்குக் கட்டும் தொகை) விவரம் செயலியில் தெளிவாகவே இருக்கிறது. முதலாளி பங்கு தனியாக, தொழிலாளி பங்கு தனியாக. குழப்புவது மாதக் கணக்குதான். ஜனவரி சம்பளத்தின் சந்தா பிப்ரவரி என்று பதிவாகும். அதைக் கட்டக் கடைசி நாள் பிப்ரவரி 15. ஆகவே ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்கு மேல் பாருங்கள். அதற்கு முன்பே பார்த்துவிட்டு முதலாளியிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

மாதப் பதிவு இருந்தால் மட்டும் போதாது, தொகையும் சரியாக இருக்க வேண்டும். 60 வயதுக்குட்பட்ட மலேசியர் 3,000 வெள்ளி சம்பளம் வாங்கினால், அவர் பங்கு 11 விழுக்காடு, 330 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 390 வெள்ளி. சீட்டில் 330 பிடித்துவிட்டு, குறைந்தபட்சச் சம்பளமான 1,700க்குக் கணக்குப் போட்டு 187 மட்டும் கட்டினால் அதுவும் பிடித்ததைக் கட்டாத குற்றமே. கமிஷன், போனஸ் கணக்கில் சேரும், ஓவர்டைம் சேராது.

புகாரை வாரியத்தின் இணையத்தளத்திலும் கொடுக்கலாம், கிளை முகப்பிலும் கொடுக்கலாம். முகப்பே மேல், என்ன தாள் குறைகிறது என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். பே சிலிப், நியமனக் கடிதம், சம்பளம் ஏறிய வங்கி அறிக்கை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பலர் தடுமாறுவது கம்பெனி பெயரில். கடைப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், பதிவில் வேறொரு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) பெயர் இருக்கும். பதிவுப் பெயரைப் பே சிலிப்பிலோ கடை ரசீதிலோ பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் பஞ்ச் கார்டு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.

சட்டம் பலமானது. 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் 48(3) பிரிவுப்படி, தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாத முதலாளிக்கு 6 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 46ஆம் பிரிவு கம்பெனி இயக்குநர்களையும் கட்டாத சந்தாவுக்குப் பொறுப்பாக்குகிறது. ஆனால் வசூல் மெதுவாகத்தான் நடக்கும். கம்பெனி மூடிய பிறகு போனால் இன்னும் கடினம். இரண்டு மாதம் விடுபட்டாலே புகார் கொடுத்துவிடுங்கள், வேலையை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இபிஎஃப் கட்டாதவர் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவும் கட்டாமல் இருக்கலாம். அந்தப் புகார் தனி; சொக்சோவை நடத்தும் பெர்கெசோ அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.