கையில் கட்டும் சூட்டு உணரி: ஒரு கோடை முழுக்கப் பயன்படுத்திய பிறகு

தார்ச்சாலை போடும் குழுவுக்கு நான் மேற்பார்வையாளர். முந்தைய கோடையில் எங்கள் ரோலர் ஓட்டுநருக்கு வேலை நடுவில் வெயில் தாக்கிப் பேச்சு குழறியது. அந்தப் பயத்தில்தான் மேற்கையில் கட்டும் இந்த உணரிப் பட்டைகள் ஆறு வாங்கினேன்.

உடம்பின் உள்சூட்டை இது நேராக அளப்பதில்லை. இதயத்துடிப்பையும் தோலின் வெப்பத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. துடிப்பின் போக்கை மட்டும் கொண்டே உள்வெப்பத்தைக் கணிக்கும் முறையை அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனாலும் கணிப்பு கணிப்புதான், அரை டிகிரி தவறலாம்.

வெயிலுக்குப் பழகியவர்களுக்கு உள்வெப்பக் கணிப்பு 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அதிரும்படி வைத்தேன், புதியவர்களுக்கு 38. வெயில் உடம்புக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகுமே. சேர்ந்த இரண்டாம் நாளே ஒரு பையனின் பட்டை அதிர்ந்தது. "ஒண்ணுமில்லண்ணே" என்றான், முகமோ சிவந்து கிடந்தது. நிழலில் உட்காரவைத்துத் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றினோம். இருபது நிமிடத்தில் துடிப்பு இறங்கியது. அவன் வாய்விட்டுச் சொல்லியிருக்கவே மாட்டான். எனக்கு இந்த ஒன்றே போதும்.

குறையும் உண்டு. வியர்வையில் பட்டை நழுவினால் எண் தாறுமாறாகிறது. ரோலரின் அதிர்வில் துடிப்பைத் தப்பாகப் படிக்கிறது, அதனால் ஓட்டுநரை மட்டும் நானே நேரில் போய்ப் பார்க்கிறேன். எண் என்ன காட்டினாலும் சரி, பேச்சு குழறினால் உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை குளிர்ந்த நீர். ரப்பர் வார் தோலை அரித்ததால் துணி வாருக்கு மாற்றிவிட்டோம்.