தூணில் ஓவியமா, போனில் அசையும் ஓவியமா?

திருநெல்வேலி சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலத்தின் தூண்களில் ஓவியம் வரையலாம் என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். வெறும் பெயின்ட் போதுமா, போனைக் காட்டினால் திரையில் அசைகிற ஏ.ஆர். (ஆக்மென்டட் ரியாலிட்டி, அதாவது கேமரா காட்டும் காட்சியின் மேல் படத்தை ஏற்றும் உத்தி) ஓவியம் வேண்டுமா என்பதில்தான் பேச்சு நீள்கிறது.

பெயின்டுக்கு சார்ஜும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கூட ஒரு கணம் திரும்பிப் பார்க்கலாம். சென்னை கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் வரைந்த பெரிய ஓவியங்கள், அதுவரை அந்தப் பக்கமே போகாதவர்களையும் வரவழைத்தன. வெயிலில் நிறம் வெளுக்கும், தேர்தல் வந்தால் போஸ்டர் ஏறும் என்பவை அதன் குறைகள்.

ஏ.ஆரின் பலம், காலத்தைக் காட்டுவது. சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் தாமிரபரணிக்குக் குறுக்கே கட்டிய பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அதன் பதினொரு வளைவுகளும் ஒவ்வொன்றாக எழுவதைச் சுவர் ஓவியத்தின் மேலேயே காட்டலாம். 2023 டிசம்பரில் சந்திப்புக்குள் வெள்ளம் புகுந்ததே, அந்தத் தண்ணீரை நாம் நிற்கும் இடத்திலேயே இடுப்பளவுக்கு ஏற்றிக் காட்டலாம். சுவரில் கிழித்த கோடு அந்தத் திகிலைத் தராது.

ஆனால் ஓவியத்தின் விளிம்புகளையும் முனைகளையும் வைத்துத்தான் கேமரா அதை அடையாளம் காண்கிறது. பாதியைப் போஸ்டர் மறைத்தால் பெரும்பாலும் திணறிவிடும். சித்திரை மதியத்தில் போன் திரையில் தெரிவது நம் முகம்தான். உள்ளங்கையால் நிழல் கட்டினாலும் படம் மங்கலாகவே இருக்கும். இவற்றைவிட என்னை அச்சுறுத்துவது வேறொன்று. மெட்டா நிறுவனம் தன் 'ஸ்பார்க்' ஏ.ஆர். தளத்தை 2025 ஜனவரி 14-இல் மூடியது. வெளியார் அதில் உருவாக்கிய காட்சிகள் இன்ஸ்டாகிராமிலிருந்தும் பேஸ்புக்கிலிருந்தும் நீங்கிவிட்டன. திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உள்ளே இருக்கும் சுவரோவியங்களோ பல நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. அவற்றைப் பார்க்க வெளிச்சம் இருந்தால் போதும்.

செயலியா, க்யூஆர் கோடா என்ற கேள்வியில் எனக்குத் தயக்கமில்லை. தெருவில் நின்று செயலியைத் தரவிறக்க யாருக்கும் பொறுமை இராது. க்யூஆர் கோடு நேராக பிரவுசரில் திறக்கட்டும்; உடன் ஒலிக்கும் குரல் நெல்லைத் தமிழ் பேசட்டும்.

என் ஓட்டு பெயின்டுக்கே. போன் இல்லாமலும் முழுதாக நிற்கும் ஓவியம் முதலில் வேண்டும். பத்துச் சுவர் வரைந்தால், ஆற்றின் கதையைச் சொல்ல வேண்டிய ஒன்றிரண்டுக்கு மட்டும் ஏ.ஆர். சேர்க்கலாம், ஆண்டுதோறும் அதைப் பராமரிக்கும் பணத்தையும் அன்றே ஒதுக்கிவிட வேண்டும். அவற்றில் ஒன்றுக்கு, கொக்கிரகுளம் பக்கம் சுலோசன முதலியார் பாலத்தைப் பார்த்த சுவரைக் கேட்பேன். மாலை ஐந்து மணிக்கு மேல், வெயில் தாழ்ந்ததும், அங்கே போனை நிமிர்த்திப் பார்க்க முடியும்.