பீலித் தண்ணீருக்கு எது சரி: வெயில் போத்தலா, புற ஊதா விளக்கா, கேத்தலா?

அட்டன் பக்கம் எங்கள் லயத்தில் இன்னும் பீலித் தண்ணீர்தான். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் பேச்சு தண்ணீர் மேலேயே வந்து நிற்கும். தண்ணீரை பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி வெயிலில் வைக்கலாமா, புற ஊதா விளக்குக் கருவி வாங்கலாமா என்று கேட்டால், "ரெண்டும் ஒரே கதிர்தானே" என்கிறார்கள். இல்லை. தண்ணீரில் வரும் வைரஸுக்குள் போய் இரண்டும் செய்கிற வேலையே வேறு.

தண்ணீருக்கு வைக்கும் பாதரச விளக்கின் கதிர் 254 நனோமீற்றர். டி.என்.ஏ.யும் ஆர்.என்.ஏ.யும் மிக நன்றாக உறிஞ்சுவது 260ஐ ஒட்டிய கதிரை, அதனால் புரத உறையைத் தாண்டி அடி நேராக மரபெழுத்துகளில் விழுகிறது. செங்கமாரி கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் ஏ ஓர் ஆர்.என்.ஏ வைரஸ், அதன் இழையில் யுராசில் என்ற எழுத்து இரண்டு அடுத்தடுத்து இருந்தால் (டி.என்.ஏ என்றால் தைமின்) கதிர் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டி, நடுவே நான்கு காபன் சேர்ந்த ஒரு சின்ன வளையம் உண்டாகிவிடும். நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டு போகிறவருக்கு முன்னால் இரண்டு செடி பின்னிக்கொண்டு வழியை மறித்தால் எப்படி நிற்பாரோ, அப்படித்தான் மரபிழையைப் பிரதி எடுக்கும் நொதியமும் அங்கே நின்றுவிடுகிறது. வைரஸ் உடையாது, கலத்துக்குள் கூடப் போகும், ஆனால் பெருகாது.

அடினோ வைரஸ் மட்டும் முரடு. அதனுடையது இரட்டை இழை டி.என்.ஏ, நம் கலத்தின் பழுதுபார்க்கும் நொதியங்களே அப்படி ஒட்டிய இடத்தை வெட்டிச் சரிசெய்து கொடுத்துவிடும். அதனால்தான் வைரஸ்களை 99.99 வீதம் முடக்க அமெரிக்க விதி சதுர சென்ரிமீற்றருக்கு 186 மில்லிஜூல் கேட்கிறது. நல்ல வீட்டுக் கருவிக்கான அளவுகோல் 40தான்.

சரி, வெயில் போத்தல். 254 போன்ற கதிர் ஓசோனைத் தாண்டி தரைக்கு வருவதே இல்லை. அதைவிடச் சற்று நீளமான அலையில் பெரும்பகுதியை பிளாஸ்டிக் போத்தலே தடுத்துவிடும். மிஞ்சுவது இன்னும் நீளமான அலை, மரபெழுத்துகள் அதை உறிஞ்சுவது மிகக் குறைவு. அது தண்ணீரில் உள்ள ஒட்சிசனைக் கிளப்பிவிட்டு, அந்த ஒட்சிசன் போய் குவானின் என்ற மரபெழுத்தையும் புரத உறையையும் அரிக்க வேண்டும். சுற்றுவழி. நல்ல வெயிலில் 6 மணி நேரம், பாதிக்கு மேல் மேகம் என்றால் 2 நாள். பத்து மணிக்கே பனிமூட்டம் இறங்குகிற நுவரெலியா பக்கம் பிள்ளைக்குக் கொடுக்கும் தண்ணீரை இதை நம்பி நான் வைக்கமாட்டேன்.

கேத்தல் மரபிழையைத் தேடிப் போவதில்லை, சூடு புரத உறையையே குலைத்துவிடுகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதனால் போதாதோ என்று பயப்பட வேண்டாம். ஹெபடைட்டிஸ் ஏ 85 பாகையில் ஒரு நிமிடத்திலேயே முடங்கும். மழைக்குப் பிறகு பீலி செம்மண் நிறத்தில் வரும்போது கதிர் உள்ளே போகாது, மண் துகளுக்குப் பின்னால் வைரஸ் நிழலில் தப்பிவிடும், சூட்டுக்கு அந்தத் தடை இல்லை. விறகுக்கும் கேஸுக்கும் ஆகிற செலவு பெரிய பாரம்தான், அது தெரிந்தும் வீட்டுக்குக் கேத்தல் என்றே சொல்கிறேன்.

பள்ளிக்கூடம், பிள்ளைப் பராமரிப்பு நிலையம் என்றால் விளக்கு நல்லது, முன்னால் ஒரு வடிகட்டியும் கரண்டும் இருந்தால். நீல வெளிச்சம் தெரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது; பல்பு எரிந்துகொண்டே இருக்கும்போதும் 254 கதிர் குறைந்துகொண்டே போகும், வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கண்ணாடி உறையில் படிந்த மண்ணையும் துடைக்க வேண்டும். அப்புறம், அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் வாளிக்கு மூடி வேண்டும், ஏனென்றால் விளக்கைத் தாண்டிய பிறகு விழும் கிருமியைத் தடுக்க அதில் எதுவும் மிஞ்சியிருக்காது.