எலெக்ட்ரிக் மினி எக்ஸ்கவேட்டர் வாடகை: திருவல்லிக்கேணி சைட் ரிவ்யூ

திருவல்லிக்கேணில ஒரு பழைய வீட்டுக்கு சம்ப் தோண்டற வேலை, சந்துக்குள்ள ஜேசிபி நுழையவே நுழையாது, அதனால பேட்டரில ஓடற மினி எக்ஸ்கவேட்டரை, அதாவது மண்ணு தோண்டற குட்டி மிஷினை, வாடகைக்கு எடுத்தோம்.

மிஷின் சூப்பர்ங்க. மண்ணு அள்ளறதுல டீசல் மினிக்கு ஒண்ணும் சளைச்சதில்ல. குழிக்குள்ள நிக்கற ஆளுங்க மூஞ்சில புகை அடிக்கல, எனக்கு அதான் பெரிய விஷயம். சத்தமும் கம்மி, பக்கெட் பல்லு பழைய ஸ்டோன்வேர் பைப்ல 'டங்'குன்னு பட்டது ஆப்பரேட்டர் காதுக்கே கேட்டு டக்குனு நிறுத்திட்டாரு, டீசல் மிஷின் இரைச்சல்ல அது கேட்டே இருக்காது, பைப் உடைஞ்சு சாக்கடைத் தண்ணி மொத்தமும் குழிக்குள்ள வந்திருக்கும். கரன்டே நிலக்கரிலதானே வருதுன்னு சிலர் கேப்பாங்க, சரிதான், ஆனா காத்தாலை கரன்டும் நம்ம ஊர்ல நிறைய இருக்கு, சந்துக்குள்ள இருக்கறவங்க மூச்சுல டீசல் புகை போகலைல்ல.

குறைன்னா வாடகைதான். டீசல் மினியை விட நல்லாவே ஜாஸ்தி, அதுவும் தேடித்தேடிதான் கிடைச்சுது. எடுக்க ஆள் இல்லாததால யாரும் வாங்கி வைக்கறதில்ல, வாங்கி வைக்காததால ரேட்டும் இறங்கல.

இதை கார்ப்பரேஷன் நினைச்சா மாத்தலாம். நார்வேல ஓஸ்லோ மாநகராட்சி 2019-ல சிட்டி நடுவுல ஒரு தெரு வேலையை எலெக்ட்ரிக் மிஷின் வச்சே ஆரம்பிச்சாங்க, அப்போ பெரிய எலெக்ட்ரிக் மிஷின் ரெடிமேடா கிடைக்காம டீசல் மிஷினைப் பிரிச்சு பேட்டரி மாட்டியிருக்காங்க. அப்புறம் புகையில்லாத மிஷின் கொண்டு வர்ற கான்ட்ராக்டருக்கு டெண்டர்ல கூடுதல் மார்க், 2025-லேர்ந்து மாநகராட்சி வேலைன்னாலே புகை கூடாதுன்னு ரூல். இங்க எல்1-க்குத்தான், அதாவது டெண்டர்ல இருக்கறதுலயே கம்மி ரேட் போட்டவருக்குத்தான் வேலை, அப்புறம் எவன் காசு போட்டு பேட்டரி மிஷின் இறக்குவான்? டெண்டர் கண்டிஷன்லயே கேட்டா எல்லாரும் அதுக்குத் தக்கதான் ரேட் போடுவாங்க. எம்டிசி எலெக்ட்ரிக் பஸ் அப்படித்தானே வந்துச்சு, டெண்டர்லயே எலெக்ட்ரிக்தான் வேணும்னு கேட்டாங்க, 2025 ஜூன்ல வியாசர்பாடி டிப்போலேர்ந்து 120 பஸ் கிளம்புச்சு. மழைநீர் வடிகால் வேலைல, ஸ்கூல் ஆஸ்பத்திரி பக்கத்து தெருக்கள்ல மட்டுமாவது முதல்ல கேட்டுப் பாக்கலாமே.

வாடகைக்கு எடுக்கறவங்க டெம்பரவரி ஈபி கனெக்‌ஷனை முன்னாடியே வாங்கிடுங்க, ஜெனரேட்டர் போட்டு சார்ஜ் ஏத்தினா எடுத்ததுக்கே அர்த்தமில்ல. மதியம் சாப்பாட்டு நேரத்துல சார்ஜ்ல போட்டுட்டா சாயங்காலம் வரை தாங்குது. கேபிள் மட்டும் நீளமா கேட்டு வாங்குங்க, எங்களுக்குக் குடுத்தது வாசல் வரைக்கும்கூட எட்டல.