ஏழாண்டுகளாக என் தாடையில் ஒரு டைட்டானிய வேர்

திருமங்கலத்து நண்பர் ஒருவர், கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்த இடத்தில் இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகி வைக்கும் டைட்டானிய வேர், வைத்துக்கொள்ளலாமா என்று சென்ற வாரம் கேட்டார். நான் 2018ஆம் ஆண்டுத் தை மாதம் மதுரையில் வைத்துக்கொண்டேன். போன மாதம், அந்த வேரின் மேல் பொருத்தியிருக்கும் செயற்கைப் பல்லான ‘கேப்’ என்பதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்து, மருத்துவர் அதைக் கழற்றி மறுபடி முடுக்கினார். அப்போது உள்ளிருக்கும் வேரையும் சோதித்தார். அது இம்மியும் அசையவில்லை.

கப்பலூர் சிட்கோவில் முப்பது ஆண்டுகள் லேத் பட்டறை நடத்தியவன் நான். தண்டுகளை வழவழப்பாகக் கடைந்து கொடுத்தே பழகியவன் என்பதால், வைப்பதற்கு முன் மருத்துவர் காட்டிய மாதிரித் திருகு சாம்பல் பூத்துச் சொரசொரப்பாக இருந்ததைக் கண்டதும், அரைகுறையாக முடித்த சரக்கு என்றே நினைத்தேன். அது வேண்டுமென்றே செய்யப்படும் கரடு. கால் முதல் அரை மில்லிமீட்டர் வரை பருமனுள்ள அலுமினிய ஆக்சைடு துகள்களை வேகமாக அடித்துப் பெரிய பள்ளங்களை உண்டாக்குகிறார்கள். பிறகு அமிலத்தில் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளங்களுக்குள் சில மைக்ரான் அளவுள்ள நுண்குழிகளைத் தோற்றுவிக்கிறார்கள்.

பழைய சுவரைக் கொத்திவிட்டுப் பூசினால்தான் பூச்சு நிற்கும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். இங்கே நடப்பது அதற்கும் மேலானது. துளையிட்டதும் கசியும் இரத்தம் உறைந்து, அதன் நார்கள் கரட்டைப் பற்றிக்கொள்கின்றன. எலும்பை உருவாக்கும் உயிரணுக்கள் அந்த நார்களின் வழியே நகர்ந்து வந்து, உலோகத்தின் மீதே நேராக எலும்பைப் படிய வைக்கின்றன. ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தியபோது மேற்பரப்பு வெறும் கடைசல்தான். அந்த முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று நான்கு மாதங்களும் மேல்தாடைக்கு அதைவிட நீண்ட காலமும் காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு எட்டாவது வாரத்தில் கேப் பொருத்திவிட்டார்கள். மேலூரிலிருந்து வரும் பொங்கல் கரும்பை ஏழு ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில்தான் கடிக்கிறேன். எலும்பும் உலோகமும் இப்படி ஒன்றாக முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாகவே இருக்கிறது.

ஆனால் நான்காம் ஆண்டிலிருந்து ஒரே தொல்லை என்னை விடாமல் வருத்துகிறது. ஈறு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் கீழிறங்கி, எலும்புக்குள் இருக்க வேண்டிய கரட்டின் விளிம்பு வெளியே தெரிகிறது. எலும்பைப் பிடிக்கும் அதே குழிகள் கிருமிப் படலத்தையும் பிடித்துக்கொள்கின்றன. இயற்கைப் பல்லின் வேரைப் போல அதைச் சுரண்டி முழுதாகச் சுத்தம் செய்துவிட முடியாது. தினமும் இரவில், பல்லிடுக்கில் நுழையும் சிறு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் பத்து நிமிடம் நிற்கிறேன். ஒரு நாள் விட்டாலும் மறுநாள் ஈறு சிவந்துவிடுகிறது. எலும்புக்குள் இருக்கும் உடலைக் கரடாக்கி, ஈறோடு ஒட்டும் கழுத்தை மட்டும் வழவழப்பாக விட்டுவைக்கும் வடிவங்களும் உண்டு என்பதை, வைத்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பணம் வாங்குவதற்கு முன்பே அந்த மருத்துவமனையில் யாரேனும் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்ற கோபம் எனக்குத் தீரவில்லை.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. என் ஈறு இயல்பிலேயே மெலிந்தது. முழுக்க வழவழப்பான திருகை வைத்திருந்தாலும் அது இறங்கியிருக்கலாம். எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் திருகின் இழைகளைச் சுற்றி அடர்த்தியாகவே நிற்கிறது.

ஆகவே நண்பர் தயங்காமல் வைத்துக்கொள்ளட்டும்; கழுத்துப் பகுதி எப்படி இருக்கும் என்று கேட்டு, மாதிரியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்த பிறகு சம்மதிக்கட்டும். எனக்கு இடப்பக்கத்தில் இன்னொரு பல் போய் இரண்டு ஆண்டுகளாகின்றன. அந்த இடத்தில் இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.